வரிக் கணக்கு

மார்ச் முதல் வாரம் வருவான்,
கக்கத்தில் ஒரு ஷூ பெட்டி.
உள்ளே ஓராண்டு ரசீதுகள்:
கசங்கியும் காப்பி சிந்தியும்
சிலதில் புல் ஒட்டியும்.

நெப்ராஸ்காவில், தானியக் கிடங்குக்கு எதிரே
என் அலுவலகம்.
சோளம் போடுகிறவர்கள், ஒரு பல் மருத்துவர்,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியின்
இரண்டு டிராக்டர் கடைகள்,
ஒரே ஒரு கோல்ஃப்காரன்.
வெர்லின் ஸ்டட்கி.
தொழில் என்ற கட்டத்தில்
விளையாட்டு என்று எழுதியிருந்தான்.
நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் மைதானத்தில்
குழியைச் சுற்றிப் புல் இல்லை.
பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல்.
பந்தை உருட்டுமுன் ஓர் இரும்புக் குழாயை இழுத்து
வழி நிரவிக்கொள்ள வேண்டும்.
அங்கே கற்றுக்கொண்டு கிளம்பியவன் சொல்வான்:
"மணலில் வரி நாம் போடுவது, மார்ஜீன்.
புல்லில் எவனோ போட்டு மறைத்திருக்கிறான்."

முதல் வருடம் வரவு
ஆறாயிரத்து நூற்றுப் பத்து டாலர்.
செலவு முப்பத்தோராயிரம்.
விச்சிட்டாவில் விடுதி. மொபீலில் விடுதி.
பாய்ஸியில் விடுதி இல்லை, வேன்; டயர் இரண்டு.
நுழைவுக் கட்டணம், நுழைவுக் கட்டணம்,
பை தூக்கிய டூலிக்குக் கூலி,
அதில் பாதி பாக்கி.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடு போடுவார்களாம்.
தாண்டாதவன் பெட்டி கட்ட வேண்டும்,
காசு கிடையாது.
"எத்தனை வெள்ளி?" என்றேன்.
"இருபத்தாறில் பதினேழு."

ஒரு பெட்டியில் மோதிர ரசீது இருந்தது.
இதைக் கழிக்க முடியாது, வெர்லின்.
நான்கு பெட்டி தள்ளி வக்கீல் ரசீது.
இதையும்.

ஒன்பதாம் வருடம், ஜூலை, இல்லினாய், ஞாயிறு.
அலுவலக டிவி முன்னால் நானும் பல் மருத்துவரும்.
கடைசிக் குழி.
மூன்றடி தூரம்.
ஓரடி போதும்.
பந்து குழியின் உதட்டை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி
அவனையே பார்த்து நின்றது.
கூடுதல் குழியில்
ஆரிகன் பையன் ஒருவன் ஜெயித்தான்.
பல் மருத்துவர் எழுந்துபோய்
ஜன்னலருகே நின்றுகொண்டார்.

இரண்டாம் பரிசு.
அவன் பெயருக்கு நேரே நான் தட்டிய
மிக நீளமான எண்.
அந்த ஒரு வருடம்தான்
அரசாங்கத்துக்கு அவன் பணம் கட்டினான்.
கையெழுத்துப் போடும்போது கேட்டான்:
"அந்த மூன்றடியை எங்கே எழுதுவாய்?"
அதற்குக் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் வருடம்
ஓமஹாவிலிருந்து கடிதம்.
பத்து வருட நட்டம், ஒரு வருட லாபம்.
இது தொழிலா, வெறும் விளையாட்டா?
சம்பாதிக்கும் எண்ணம் உண்டென்று நிரூபிக்கவும்.
முப்பது நாள் கெடு.

எண்ணத்தை எப்படி நிரூபிப்பது?
ஷூ பெட்டிக்குப் பதில்
அன்று ஓர் ஆப்பிள் பெட்டி சுமந்து வந்தான்.
நாற்பத்திரண்டு குறிப்பேடுகள். பென்சில் எழுத்து.
தினம் முந்நூறு உருட்டல்,
காற்று, ஈரம், வலம் சாய்ந்ததா இடமா.
மணநாளன்றும் முந்நூறு.
வக்கீலிடம் போன நாளில் நானூற்றைம்பது.
இல்லினாய்க்கு மறுநாள், திங்கள்:
மூன்றடி. மூன்றடி. மூன்றடி.
பக்கம் முழுக்க.
எல்லாம் விழுந்தவை.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது,
யார் மேல் என்று தெரியவில்லை.
பதினோரு பக்கம் பதில் எழுதினேன்.
அவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை,
கணவருக்குக்கூட.

ஆகஸ்டில் பதில் வந்தது. ஒரே வரி:
நட்டம் ஏற்கப்பட்டது.

இரண்டு தடவை படித்தான்.
நகல் ஒன்று கேட்டான்.

கோப்பை எதுவும் கிடையாது அவனுக்கு.
கோப்பு இருக்கிறது,
என் அலமாரியில், மூன்றடி நீளத்துக்கு.

இப்போது முதுகில் இரண்டு ஆணி.
பாசனக் குழாய் விற்கிறான்.
சம்பளச் சீட்டு ஒன்றே ஒன்று,
மடிக்காமல் கொண்டுவருகிறான்.
ஐந்து நிமிட வேலை.
தொழில் என்ற கட்டத்தை மட்டும்
என்னிடம் விடுவதில்லை;
பேனாவை வாங்கி அவனே எழுதுகிறான்.
நான் திருத்துவதில்லை.